பெட்டிக்கு இந்தப் பக்கம்

வாசல் தூணில் அறைந்த சாம்பல் நிறப் பெட்டிவரை
டிபார்ட்மெண்டின் பாடு.
பெட்டிக்கு இந்தப் பக்கம்
வருஷத்துக்கு எழுநூற்று இருபது ரூபாய்க்கு
என் பாடு.

வளாகத்தின் உள்ளே ஓடும் வயர், மூட்டு, சுவர்ப்பெட்டி.
எலி கடித்தால் உண்டு.
இடி விழுந்தால் இல்லை.
வெள்ளையடிக்க வந்தவன் பிடுங்கிப் போட்டால்
பார்த்துச் செய்யலாம்.

கீழமாசி வீதியில் மிளகாய் வற்றல் மண்டி.
மேலே குடித்தனம்.
ஜெயக்கொடி வருது என்று ஆபீசில் சொன்னதும்
ஒரு மீசையை எதிர்பார்த்திருக்கிறார்கள்.
ஏணியை நானே இறக்கியபோது
மூட்டையை இறக்காமல் நின்று பார்த்தார்கள்.
தும்மினேன். ஏழு தும்மல்.
அதற்கப்புறம் எல்லாம் சகஜம்.

"நாலு நாளா எங்கேஜ்டு எங்கேஜ்டுங்குதாம்.
நான் யாருகூடம்மா பேசிக்கிட்டு இருக்கேன்?"
தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு
விருதுநகர் ஆர்டர் யார் கடைக்குப் போனதோ என்ற கவலை.

மீட்டரை வைத்தேன். பீப்.
இரண்டு கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒட்டக்கூடாது.
ஒரே உறைக்குள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு
கடைசிவரை கூடவே ஓடவேண்டும்;
தோலுக்குத் தோல் படலாம்,
செம்புக்குச் செம்பு பட்டால்
பேச்சு நின்றுவிடும்.

வயரின் பின்னாலேயே போனேன்.
கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பின்னே,
மாடிப்படிக்கு அடியில்,
அப்புறம் ஒரு சுவருக்குள் நுழைந்தது,
வெளியே வரவில்லை.
புதுச் சுவர். ஹாலோ பிளாக்.

"அந்தப் பக்கம்?"
அண்ணாச்சி பேரேட்டைப் புரட்டினார்.
கணக்குப்பிள்ளைதான் குரலை இறக்கி,
"ரத்தினசாமி அண்ணாச்சி. தம்பி.
பாகம் பிரிச்சு ரெண்டு வருசம்."

பாகப்பத்திரத்தில் கிணறு வந்திருக்கிறதாம்,
தராசுகள் வந்திருக்கின்றனவாம்,
செப்புக் குடங்களைக்கூட எண்ணி எழுதியிருக்கிறார்கள்.
பதினோரு மீட்டர் டெலிபோன் வயரை
வக்கீல் மறந்துவிட்டார்.

தெருவில் இறங்கி எட்டடி நடந்து
அடுத்த வாசலில் ஏறினேன்.
அங்கேயும் மிளகாய். அதே தும்மல்.
செல்போனை வைத்தே வியாபாரம் பார்க்கிற தம்பி
"எங்க செவத்துல அவுக வயரா?" என்று
நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

ஆணி.
தினசரிக் காலண்டர் மாட்ட அடித்த
இரண்டங்குல ஆணி
இரண்டு கம்பிக்கும் நடுவே குறிபார்த்து இறங்கியிருந்தது.
ஜனவரி. நாலு தாள் கிழிபட்டிருந்தது.
அடித்த நேரம் ராகுகாலமா என்று
காலண்டரிலேயே பார்த்திருக்கலாம்.

ஆணியைப் பிடுங்கி, காயம்பட்ட ஒன்றரை அடியை வெட்டி,
புது வயர் போட்டு, ஒவ்வொரு மூட்டையும்
தனித்தனியே டேப் சுற்றி மூடினேன்.
காலண்டரை ஒரு சாண் தள்ளி
நானே மாட்டிக் கொடுத்தேன்.
ஒப்பந்தத்தில் அது இல்லை.

சுவருக்கு அப்பால் மணி அடித்தது.
தலையைத் திருப்பாமல் ரத்தினசாமி சொன்னார்:
"விருதுநகர் தரகன். இந்நேரத்துக்கு அவன்தான்.
கிலோவுக்கு ரெண்டு ரூவா குறைச்சுக் கேப்பான்."
என்னிடம் சொன்னாரா சுவரிடம் சொன்னாரா தெரியவில்லை.
"ரெண்டு ரூவாயா? கட்டாதுய்யா, கட்டாது!"
அண்ணாச்சியின் குரல்
வயர் இல்லாமலே வந்து சேர்ந்தது.
தம்பி ஒரு மிளகாயைக் கிள்ளி
விதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைத்தாளில் ஒரு கட்டம் இருக்கிறது.
பழுது கண்ட இடம்: உள்ளே, வெளியே.
வெளியே என்றால் முந்நூற்று நாற்பதுக்குத் தனி பில்,
அதை யார் பெயருக்குப் போடுவது?
உள்ளே என்று டிக் அடித்தேன்.
அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.
போட்ட பேனா தம்பி கடையது,
மறந்து எடுத்து வந்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுக்க நேரமில்லை.
டவுன்ஹால் ரோட்டு லாட்ஜில்
பதினாலாம் நம்பர் அறை இண்டர்காம்
காலையிலிருந்து செத்துக் கிடக்கிறது.
அங்கே எலிதான்.
எலி என்றால் உண்டு.